கழுத்தில் கட்டிய புடவை

போன வாரம் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு அடித்தட்டில் ஒரு பச்சைப் பட்டுப்புடவை. உங்களிடம் சொல்வதற்கென்ன, அதைப் பார்த்ததும் செல்வியின் மேல் பட்ட பொறாமைதான் ஞாபகம் வந்தது, மடிப்புக் கலையாமல்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நானும் அவளும் பாடம் நடத்தினோம். என் அப்பா மைன்ஸில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அவள் அப்பா கான்ட்ராக்ட். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சென்டரிலேயே நன்றாக உடுத்துகிறவள் நான்தான் என்று எனக்கொரு நினைப்பு. சுடிதாருக்கு ஏற்ற நிறத்தில் வளையல், கிளிப், செருப்புப் பட்டை வரை பார்ப்பேன்.

ஆண்டு விழாவுக்குப் பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவையில் வரவேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மைக்கில் பேசப் போவது நான். பச்சைப் பட்டும் இருக்கிற நகையுமாக, ஜோடித்த சாமி மாதிரி போய் நின்றேன்.

செல்வி வந்தாள். தம்பியின் வெள்ளைச் சட்டை, கை மடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேல் நிற்கும் கறுப்பு பேன்ட். தூக்கிச் சுருட்டிய கொண்டை. கழுத்தில் ஓரமாக முடிச்சிட்ட சிவப்புத் துணி. ஒரு பொட்டு நகையில்லை. கொடியில் காயப்போட்டால் கரித்தூள் படிகிற ஊரில் அவ்வளவு வெள்ளை! எனக்கு வயிறு எரிந்தது.

"என்னம்மா இது? புடவைதானே கட்டிட்டு வரச் சொன்னேன்?" என்றார் மேனேஜர்.

கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டினாள். "பொடவதான் சார். எங்கம்மாது. கழுத்துல கட்டிக்கினு வந்துருக்கேன்."

ஹாலே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். "இந்த வாய்க்கு நீயே மைக்கைப் பிடி" என்றார். எனக்குக் கிடைத்தது பன்னீர்ச் செம்பு. அன்று விருந்தினர்கள் சட்டை நனைய நனையத் தெளித்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவின் சட்டையைப் போட்டு, துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக் கண்ணாடி முன்னால் நின்றேன். திருநெல்வேலிக்காரியான என் அம்மா எட்டிப்பார்த்தாள். "ஏட்டி, தொண்டை வலிக்கா? தைலம் தடவட்டா?"

வெட்கத்தை விட்டுச் செல்வியிடமே கேட்டேன், இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று.

"பாண்டில எங்க அத்த வூட்டுக்குப் போனப்போ ஒரு பிரெஞ்சுக்காரம்மாவப் பாத்தேன். வயசானவங்க. வெள்ளச் சட்ட, கழுத்துல ஒரு துணி, அவ்ளோதான். ஆனா அந்தத் தெருவே அவங்களுதுங்கற மாதிரி நடந்துக்கினு போனாங்க. எனக்கு ஒருநாளாவது அப்படி நடக்கணும்."

சட்டையைக் கடன் வாங்கலாம். நடையை யாரிடம் போய் வாங்குவது? அதுவரை துணியின் மேல் இருந்த பொறாமை அன்றிலிருந்து அவள் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

மறு வருஷம் பாண்டிச்சேரியில் துணிக்கடை வேலை கிடைத்துக் கிளம்பினாள். வழியனுப்பப் போனேன். கழுத்தில் அதே சிவப்பு.

"அதக் குடுத்துட்டுப் போயேன்டி."

"தரமாட்டேன். வேற எதுனா கேளு."

கேட்க வேறொன்றும் இருக்கவில்லை. பஸ் போய்விட்டது.

பிறகு அவள் கிராமத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். குடும்பம் இடம் மாறிப்போனது. போன் நம்பரும் மாறிவிட்டது. சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நான் வேலை பார்க்கும் ஆபீஸில் இளம்பெண்கள் விதவிதமாக உடுத்தி வருகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறார்கள். மனதாரச் சொல்லிவிட்டு என் நாற்காலிக்குப் போய்விடுகிறேன். யாரைப் பார்த்தும் வயிறு எரிவதில்லை. அப்படி எரிந்த காலத்தில்தான் நான் தினமும் கண்ணாடி பார்த்தேன்.