‘கா’ போட்ட துண்டு

கும்மிடிப்பூண்டி பஜாரில், ஸ்டேஷனுக்குத் திரும்புகிற முனையில் பியூட்டி பார்லர் நடத்தும் புவனேஸ்வரி, யார் முகத்தையும் தேய்த்துத் துடைத்ததில்லை. துண்டை விரித்து மெல்ல ஒத்தித்தான் எடுப்பாள். யாராவது முகம் கழுவிவிட்டு முந்தானையால் பரபரவென்று தேய்த்தால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். “மூஞ்சி இன்னா அடிபுடிச்ச குண்டானா, இந்தத் தேய் தேய்க்கிற?” என்று கஸ்டமர் என்றும் பாராமல் கேட்டுவிடுவாள்.

அந்தப் பார்லர் வருமானத்தில் போன ஆவணியில் ஒரு புதுக் கார் எடுத்தாள். கன்னங்கரேலென்று இருந்தது. “கறுப்புல சின்னக் கீறல்கூட பளிச்சுனு தெரியும் மேடம், வெள்ளை எடுத்துக்கங்க” என்று ஷோரூம்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “மாநிறத்தை வெளுப்பாக்கிக் காட்டுன்னு வர்றவங்களைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு சார். கறுப்பே குடுங்க” என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் காரும் அவள் கஸ்டமர்களில் ஒன்று. ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் அதற்குக் குளியல். ஷாம்பு போட்டு அலசியதும், ரப்பர் குழாயின் பீச்சு முனையைக் கழற்றிவிட்டு மேல் கூரையில் தண்ணீரைச் சும்மா வழியவிடுவாள். தண்ணீர் பாய் சுருட்டுவதுபோல மொத்தமாக இறங்கிப் போய்விடும். கண்ணாடி இடுக்கிலும் கதவுக் கைப்பிடியிலும் பதுங்கியிருக்கும் சொட்டுகளுக்குப் பார்லர் ஹேர் டிரையர், சூடில்லாமல். கடைசியில், வழுக்கலாக இருப்பதற்குக் கொஞ்சம் மெழுகு ஸ்ப்ரே அடித்துத் துண்டை விரித்துப் போட்டு, கைக்குழந்தைக்கு ஒற்றுவதுபோல ஒத்தி எடுப்பாள். துண்டு தரையில் விழுந்துவிட்டால் அதோடு சரி. அதற்கப்புறம் அது கால்மிதி.

பாவம், அவள் கணவன் பாஸ்கர். சிப்காட்டில் ஒரு இரும்பு மில்லில் கிரேன் ஓட்டுகிறான். காரைத் துடைத்து முடித்த அரைமணியில் காற்றோடு வந்து உட்காரும் கறுப்புத் தூசிக்கெல்லாம் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். “உன் மில்லுத் தூசிய்யா இது. உள்ள போய் மொதலாளிகிட்ட சொல்லு” என்பாள். அவன் முதலாளியைப் பார்த்ததே ஆயுதபூஜை அன்றைக்குத்தான்.

காருக்கும் பார்லருக்கும் சேர்த்து ஆன்லைனில் ஒரு கட்டு மைக்ரோஃபைபர் துண்டு வரவழைத்தபோதுதான் வினை ஆரம்பித்தது. கலர் கலராக வரும் என்று படத்தில் போட்டிருந்தது. வந்ததெல்லாம் ஒரே சாம்பல் நிறம். புவனேஸ்வரி மார்க்கர் பேனாவை எடுத்து, காருக்கான துண்டுகளின் மூலையில் ‘கா’ என்றும் கஸ்டமருக்கான துண்டுகளில் ‘க’ என்றும் எழுதினாள்.

“அக்கா, ரெண்டும் ஒரே மாதிரி கீதே. ஒண்ணுல வேற எதுனா எழுதேன்” என்றாள் பார்லரில் கூட வேலை செய்யும் பிரின்சி. அவளுக்கும் புவனாவுக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“ஏன், கானாவுக்கும் காவன்னாவுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?”

தெரியும். ஆனால் வாஷிங் மெஷினுக்குத் தெரியவில்லை. துவைக்கத் துவைக்க, ‘கா’வின் துணைக்கால்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து போயின. வீட்டில் காவன்னா குறைந்து கானா பெருகிக்கொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சோழவரம் கல்யாணம் வந்தது. பூவராகவன் என்று நெல் விவசாயம் பண்ணுகிறவர். நாலு ஊரில் சொந்தபந்தம். அவர் மகள் காயத்ரிக்கு மணப்பெண் அலங்காரம். முதல்நாள் மாலை ரிசப்ஷனில் முகம், கழுத்து, தோள் என்று ஜிகினாப் பொடி தூவிப் பெண்ணைத் தகதகவென்று நிறுத்தியிருந்தாள் புவனேஸ்வரி. எல்லாம் முடிந்ததும் அந்த ஜிகினாவை ஒத்தி எடுத்த துண்டைப் பிரின்சி டிக்கியில் போட்டாள்.

மறுநாள் விடிகாலையில் வீட்டிலிருந்து மறுபடி மண்டபத்துக்கு வரும்போது, செங்குன்றம் தாண்டி வந்த ஒரு டிப்பர் லாரி பள்ளத்தில் இறங்கி, காரின் வலப்பக்கம் முழுக்கச் சேற்றை வாரி அடித்தது. புவனேஸ்வரியின் முகத்தில் அடித்திருந்தால்கூட அவ்வளவு கத்தியிருக்க மாட்டாள். மண்டபத்து வாசலில் இறங்கியபோது பெண்ணை ஜோடிக்க நேரமாகிவிட்டது.

“தண்ணி மட்டும் ஊத்தி வைய்யா. பொண்ணை அனுப்பிட்டு நானே வந்து தொடைக்கறேன். நீ கை வெக்காத” என்று கார் ஓட்டி வந்த பாஸ்கரிடம் சொல்லிவிட்டு மேக்கப் பெட்டியோடு மாடிக்கு ஓடினாள்.

காயத்ரி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிரின்சி பையிலிருந்து ‘க’ துண்டு ஒன்றை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினாள். இங்கே முகத்துக்கு ஃபவுண்டேஷன் போட்டு முடிவதற்குள் அங்கே தலை காய்ந்துவிடும் என்பது கணக்கு.

“அக்கா, இன்னா சீரம் இது? புதுக் கார் வாசனை வருது” என்றாள் காயத்ரி.

புவனேஸ்வரி காதில் வாங்கவில்லை. பிரின்சி துண்டை அவிழ்த்தாள். முடி அப்படியொரு மினுமினுப்பு! நுனியில் நின்ற தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோல உருண்டு ஓடியது. பிரின்சி வகிடெடுத்து ஒரு ஹேர்பின் குத்தினாள். அது வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. இன்னொன்று குத்தினாள். அதுவும் விழுந்தது. சவுரியைச் சேர்த்துப் பின்னப் பார்த்தாள். பின்னல் தானாகவே அவிழ்ந்துகொண்டது.

“யக்கா...” பிரின்சி துண்டை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ‘க’வுக்குப் பக்கத்தில், இருந்தும் இல்லாமலும் ஒரு துணைக்கால் தெரிந்தது. “இது காரு துண்டுக்கா!”

மெழுகு ஸ்ப்ரே குடித்த துண்டு. கல்யாணப் பெண்ணின் தலைக்குப் பாலிஷ் போட்டாகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் பெண்ணின் தலையைப் பார்த்துத்தான் பதறியிருப்பார்கள். புவனேஸ்வரிக்கு வந்தது வேறொரு கேள்வி. காரு துண்டு இங்கே இருக்கிறதென்றால், டிக்கியில் இருப்பது எது?

அந்த நேரம் பார்த்துப் போனில் ‘டிங்’ என்றது. பாஸ்கர் போட்டோ அனுப்பியிருந்தான். மண்டபத்து வாசல் வெயிலில் கார் தகதகவென்று ஜொலித்தது. ரிசப்ஷன் காயத்ரியைவிட ஒரு படி கூடவே ஜொலித்தது. கீழே, ‘எப்டி?’ என்று கேட்டிருந்தான்.

கையிலிருந்த ஸ்பாஞ்சை அப்படியே போட்டுவிட்டுப் போன் அடித்தாள்.

“தேய்ச்சியா, ஒத்துனியா? அத்த மட்டும் சொல்லு!”

“இன்னா புவனா...”

“ஜிகினாய்யா! மேலெல்லாம் ஜிகினா ஒட்டினு கீது! அத்த வெச்சித் தேய்ச்சா உப்புத்தாள் வெச்சித் தேய்ச்ச மாதிரி. ஒரு கீறல் உழுந்தாலும் காலத்துக்கும் தழும்புதான். அப்புறம் அத்த எப்படி வெளிய கூட்டினு போறது?”

வாசலில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பெண்ணின் அம்மா சின்னப்பொண்ணு காபியோடு வந்தவள், பாதியைக் காதில் வாங்கி மீதியைத் தரையில் ஊற்றியிருந்தாள்.

“அய்யய்யோ! எம் பொண்ணு மூஞ்சில இன்னாத்தடி பண்ணி வெச்சீங்க? தழும்பா? முகூர்த்த நேரத்துல தழும்பா? யோவ், இங்க ஓடியா!” என்று பூவராகவனைக் கூப்பிட்டாள்.

“இல்லம்மா, அது வந்து...”

“கீறல்னு உன் வாயாலதான சொன்ன?”

“அம்மா, கத்தாத. அவங்க சொல்றது அவங்க காரை” என்றாள் காயத்ரி. சொன்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். தோள் குலுங்கியது.

“சிரிக்காத கண்ணு! காயறதுக்குள்ள சிரிச்சா கன்னத்துல வெடிப்பு உழும்!” என்று புவனேஸ்வரி போனை வைத்துவிட்டு ஓடிவந்து அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்கப் பிடிக்க அந்தப் பெண் இன்னும் சிரித்தாள். பிரின்சியும் சேர்ந்துகொண்டாள். சின்னப்பொண்ணு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “காருக்காடி இந்தக் கத்து கத்துன? நான் பயந்து பேஜாராயிட்டேன்” என்று நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த காபியைத் தானே குடித்தாள்.

அதற்குள் கீழே மேளம் ஆரம்பித்துவிட்டது. மறுபடி தலைக்கு ஊற்றிக் காயவைக்க நேரமில்லை. புவனேஸ்வரி ஊசிநூலை எடுத்தாள். பெண்ணின் முடிக்குத்தான் மெழுகு, சவுரிக்கு இல்லையே. உச்சியில் கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டி, சவுரியை அதில் முடிந்து, மல்லிகைச் சரத்தைச் சவுரியோடு சேர்த்துத் தைத்தாள். ஜடைபில்லைகளையும் தைத்தாள். மெத்தைக்குத் தையல் போடுவதுபோல இருந்தது. ஆனால் கையை எடுத்தபோது ஒரு பூ அசையவில்லை.

“தல ஆட்டாத. ‘ஆமா’ன்னு சொல்லணும்னா வாயால சொல்லு” என்று சொல்லி அனுப்பினாள்.

மணமேடையில் அந்தத் தலைதான் பேச்சு. பன்னீர் தெளித்தால் நிற்காமல் ஓடியது. அட்சதை போட்டால் ஒரு அரிசி தங்கவில்லை. போட்டதெல்லாம் மாப்பிள்ளை மடியில் போய் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி எட்டிப் பார்த்து, “முடி எப்படி மின்னுது பாரேன்! இன்னா தேய்ச்சுக் குளிக்கிறாளாம்?” என்று பக்கத்தில் கேட்டாள். சின்னப்பொண்ணு கொஞ்சமும் யோசிக்காமல், “எங்க பரம்பரையே அப்படித்தான்” என்றாள்.

தாலி ஏறிய மறுநிமிஷம் புவனேஸ்வரி வாசலுக்குப் பறந்தாள். பாஸ்கர் காருக்குப் பக்கத்தில் குற்றவாளிபோல நின்றிருந்தான்.

“தண்ணி மட்டும் ஊத்தச் சொன்னேன் இல்ல?”

“ஊத்துனேன். வெயிலு வந்துச்சு. ஈரத்துல வெயிலு பட்டா திட்டுத்திட்டா கறை உழும்னு நீதான சொன்ன? துண்டுல ‘க’ன்னு போட்டிருந்துச்சு. ‘க’ன்னா காருதானன்னு எடுத்தேன்.” இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “தேய்க்கல புவனா. ஒத்துனேன். நீ செய்யற மாதிரியே ஒத்துனேன். இடுப்பு கழண்டுபோச்சு” என்றான்.

அவள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டபத்து வாளியால் வாளி வாளியாகத் தண்ணீரை வழியவிட்டு ஜிகினாவை இறக்கினாள். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் தாம்பூலப் பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கூரை, கதவு, டிக்கி என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. கிரேனில் டன் கணக்கில் இரும்பைத் தூக்கி இறக்குகிற மனுஷன், முழுக் காரையும் அப்படி ஒத்தி எடுத்திருந்தான்.

“பரவால்லய்யா” என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை பாஸ்கர் நம்பவில்லை.

“பானெட்டு நடுவுல பாத்தியா?” என்றான் தாராளமாக.

அவள் பானெட்மேல் நன்றாகக் குனிந்து டார்ச்சை அடித்தாள். சர்ர்ரக்.

கல்யாணத்துக்கென்று புவனேஸ்வரி போட்டிருந்த கல்வளையல், பானெட்டின் நட்டநடுவில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு கிழித்திருந்தது.

பாஸ்கர் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். “பந்தி ஆவுது. நாஷ்டா துன்னுட்டு வந்துடட்டா?” என்று மட்டும் கேட்டான்.

அவன் வடை பாயாசத்தோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, புவனேஸ்வரி மேக்கப் பெட்டியைப் பானெட் அருகே ஒரு நாற்காலியில் திறந்து வைத்துக்கொண்டு, நாக்கை லேசாகக் கடித்தபடி, தண்ணீர் பட்டாலும் கலையாத காஜல் பென்சிலால் அந்தக் கோட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

காயத்ரிக்கு மூன்று முறை சீயக்காய் போட்டும் தலை மினுமினுப்பு போகவில்லையாம். சின்னப்பொண்ணு இரண்டு தடவை பார்லருக்கே வந்து அந்தச் சீரம் தனக்கும் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். ஸ்டாக் இல்லை என்று பிரின்சி திருப்பி அனுப்பினாள்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் காருக்குக் குளியல் உண்டு. ஒத்தி முடித்ததும் கடைசி வேலையாகப் பானெட்டுக்கு மை தீட்டுகிறாள். எதிர்வீட்டு ஆதிநாராயணன் பேப்பரோடு நின்று பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

“இன்னாம்மா, காருக்குக் கண்மை வெக்கிற?”

“திருஷ்டிக்கு சார்.”

“கறுப்புக் காருக்குக் கறுப்பு மையா? தெரியவே தெரியாதே!”

“தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்கு சார் வெக்கணும்?” என்று சொல்லிவிட்டு, புவனேஸ்வரி பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.