தோற்பதற்கு ஒரு பலகை

மலேசியாவின் குருணில் எங்கள் தாமான் குடியிருப்பில் பிள்ளைகள் என் மகனை ஒருநாளும் ஆட்டத்திலிருந்து ஒதுக்கியதில்லை. அதுதான் என் எரிச்சலே. அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் பந்தை விட்டாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த காலத்தில் அழுகிற தங்கையை நாங்களும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டோம். அவள் மறுவருடமே வளர்ந்து ஆட்டத்துக்குள் வந்துவிட்டாள். இவனுக்குப் பிறவியிலேயே கைகள் இறுகிப்போனவை, விரல்கள் விரியாது. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான்.

ஏழு வயதில் ஒருநாள், "நா அவுட்டே ஆவ மாட்டேன்மா" என்றான். பெருமையாகச் சொல்கிறான் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பெருமை இல்லை. மறுநாளிலிருந்து வாசலுக்கு வரவே மறுத்துவிட்டான். கூப்பிட வந்த பிள்ளைகளைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டான். இப்படியே வீட்டுக்குள் அடங்கிவிட்டால் அப்புறம் யார் இவனை வெளியே கொண்டுவருவது?

பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சாமான்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. எது எங்கே உடையும் என்று கண்ணுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் நானே விளையாட்டுச் சாமான் செய்ய உட்கார்ந்தேன். முதலில் பெரிய பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிற பெட்டி. பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை அமுக்கிவிட்டு, "இது அவனோடது" என்று போய்விட்டார்கள். அடுத்தது, சாய்வான பலகையில் கோலி உருண்டு வர, கீழே ஒரு கட்டையால் தடுக்கிற ஆட்டம். கோலி நேராக ஓடிவரும், கை வேகம் உள்ளவன் ஜெயிப்பான். அவன் கட்டையை நகர்த்துவதற்குள் நாலு பேர் கை நீட்டி நகர்த்திக் கொடுத்தார்கள். பலகையைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

வழி காட்டியது ரப்பர் மரத்துக் கொட்டை. தோட்டத்து ஓரத்தில் பொறுக்கி வந்து உருட்டிப் பார்த்தேன். அது நேராக வராது. ஒரு பக்கம் சாயும், தயங்கும், திடீரென்று திரும்பும். வேகமாக விட்டால் எந்தச் சூரனாலும் அது போகிற திசையைச் சொல்ல முடியாது. பலகையில் பிஸ்கட் தகரத்தை வரிவரியாக அடித்தேன், கண் தெரியாத பிள்ளை ஆட வந்தாலும் கொட்டை வருகிற பக்கம் காதில் விழட்டும் என்று. கட்டையில் முழங்கை உட்காரக் குழி வெட்டினேன். பச்சைக் கொட்டை விஷம், வாயில் போட்டுவிடக் கூடாது. மற்றவர் கையும் உள்ளே நுழையக் கூடாது. மேலே கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தகடு போட்டு மூடினேன். கட்டையைத் தாண்டி மூன்று கொட்டை விழுந்தால் அவுட்.

சனிக்கிழமை மாலை பலகையை வாசலில் வைத்து, அவனை வற்புறுத்தி நாற்காலியோடு தள்ளிவந்து அதன் முன்னால் நிறுத்தினேன். எதிரே கொட்டை விட வந்தவள் பக்கத்து வீட்டுப் பெண், அவனைவிட இரண்டு வயது மூத்தவள். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அவள் கொட்டையைக் கட்டைக்கு நேராகக் குறிபார்த்து மெல்ல விட்டாள். அடுத்ததும் அப்படியே. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கட்டையைப் படாரென்று ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"வெளையாடுனா ஒழுங்கா வெளையாடு. இல்லன்னா எந்திரிச்சுப் போ!" அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அவளுடைய அம்மா வேலியோரம் வந்து நின்றாள். "என்னாக்கா, சின்னப் புள்ளகிட்ட போயி. கெசியான் லா, பாவம்னுதானே விட்டுக்குடுக்குது."

"யாரும் அவனுக்கு விட்டுக்குடுக்க வேணாம்."

அந்தப் பெண் என்னை முறைத்தாள். கோபத்தில் கொட்டையை விசையாக உருட்டினாள். அவன் கண்ணைத் திறந்தான். முழங்கை அசைந்தது. டக்கென்று தடுத்தான். அடுத்தது விழுந்தது. இன்னொன்றைத் தடுத்தான். அடுத்ததும் விழுந்தது. வரிசை கலைந்து எல்லாரும் பலகையைச் சுற்றிக் குனிந்தார்கள். கொட்டை நடுவில் தயங்கி, இடது பக்கம் சாய்ந்தது. அவனும் இடது பக்கம் தள்ளினான். அது திரும்பி வலது பக்கம் விழுந்தது.

மூன்றாவது கொட்டை.

"அவுட்டு லா நீ! தள்ளு, அடுத்த ஆளு!" என்றாள் அவள்.

அவன் ஓவென்று அழுதான். வேலியோரம் நின்றவள், "இன்னொரு சான்ஸ் குடுடி!" என்றாள்.

"எதுக்கு? மூணு விழுந்திருச்சுல்ல? கியூவுல நிக்கச் சொல்லுங்க ஆன்ட்டி" என்று என் பக்கம் திரும்பினாள்.

என் கண்ணும் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். மூக்கை ஒழுகவிட்டபடியே அவன் முன்னால் நின்றவனைப் பார்த்து, "சீக்கிரம் லா!" என்று கத்தினான்.