செவலையோடு நின்றவள்

யஞ்மா என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் கூடாரமும் எங்கள் கூடாரமும் ஒரே சரிவில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தன. அவளுக்குப் பாட்டு வராது, கோபமும் வராது. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருப்பாள். அவளை மந்தம் என்று சொன்னவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன், மறைப்பானேன்.

ஒரு வருஷம் புல் பழுத்த சமயத்தில் அவள் புருஷன் லம்சுரேன் மார்வலி வந்து இரண்டே நாளில் போய்விட்டான். குழந்தை கிடையாது. கொஞ்சம் ஆடுகளும், வெள்ளிப்பூண் போட்ட சேணமும், நெற்றியில் வெள்ளைக் கீற்றுள்ள ஒரு செவலைக் குதிரையும் அவளுக்கு மிஞ்சின. அந்தச் செவலையில் அவன் இருந்தவரை வேறு யாரையும் ஏறவிட்டதில்லை. பொண்டாட்டியே இரண்டு தடவைதான் ஏறியிருப்பாள்.

எங்கள் பெண்களுக்குச் சவாரி புதிதில்லை. நடக்கப் பழகும்போதே ஏறப் பழகிவிடுவோம். ஆனால் ஓடிவந்த குதிரையை ஆற்றிப் பக்குவம் பண்ணுவது ஆண்கள் பார்க்கிற வேலையாக இருந்துவிட்டது. குளிரில் வேர்த்து வந்த குதிரைக்குச் சேணத்தை உடனே இறக்கக் கூடாது. வாரை மட்டும் தளர்த்தி, தலை தரைக்கு எட்டாதபடி உயரக் கட்டிப்போட வேண்டும். உள்சூடு முழுக்க அடங்கும்வரை புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது கொடுமையாகத்தான் தெரியும்.

குளிர்காலத்தை நாங்கள் ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுவோம். அப்படி மொத்தம் ஒன்பது ஒன்பது, எண்பத்தொரு நாள். அந்த வருஷம் முதல் ஒன்பதிலேயே பனிப்புயல் வந்து, யஞ்மாவின் ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டன. செவலைமேல் ஏறி விரட்டிக்கொண்டு போய், மத்தியானத்துக்குள் அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்தாள். குதிரை மேல் ஆவி பறந்தது, பிடரியெல்லாம் பனி தொங்கியது. அவளுக்கு மனசு தாங்கவில்லை. சேணத்தை இறக்கி, முதுகைத் தட்டிக்கொடுத்து அவிழ்த்துவிட்டாள். சூடான வயிற்றோடு அது வாய் வாயாகப் பனியைத் தின்றது.

மறுநாள் காலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. நாலு காலும் மரக்கட்டை. இருமல் வேறு. அடுத்த பள்ளத்தாக்கில் குதிரை மந்தை வைத்திருக்கும் சோய்ஜில் கிழவரைக் கூட்டிவந்தோம். அவர் விலாவைத் தடவிப் பார்த்தார், காதைத் தொட்டுப் பார்த்தார்.

"பாவம் பாத்தே கொன்னுடுவ போலிருக்கே, பொண்ணே" என்றார்.

இனி இது தேறாது, உடம்பில் கொழுப்பு இருக்கும்போதே அறுத்துவிட்டால் குளிர்காலக் கறிக்காவது ஆகும் என்று சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நோயாளிக் குதிரைக்குப் போடுகிற புல் ஆடுகளின் வாயிலிருந்து பிடுங்கினது. யஞ்மா கிழவருக்கு டீ ஊற்றினாள். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு ஏறின முதுக நான் எப்படித் தின்பேன் அண்ணி?"

கட்டிலில் விரித்திருந்த கம்பளியை எடுத்துப்போய்க் குதிரைக்குப் போர்த்தினாள். தன் பங்குத் தினையைக் கஞ்சியாக்கி வெதுவெதுப்பாகக் கொடுத்தாள். தினமும் மெல்ல நடத்திக்கொண்டு போய்வந்தாள். மூன்றாம் ஒன்பது முடிகிறபோது இருமல் நின்றது. சோய்ஜில் வந்து பார்த்துவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி, பார்வையில்தான் கோளாறோ என்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுபடி அதில் ஏறித்தான் ஆடுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது திரும்பிவந்ததும் ஒழுங்காக உயரக் கட்டினாள். கட்டிவிட்டு உள்ளே வராமல் அங்கேயே நின்றாள். அது பட்டினியாக நிற்கும்போது தனக்கு உள்ளே டீ இறங்கவில்லையாம். சேணத்துக்கு அடியில் கையைவிட்டுச் சூடு பார்ப்பாள், வேர்வை வழிக்கும் மரத்தகட்டால் அதன்மேல் படிந்த உறைபனியைச் சுரண்டுவாள், மறுபடி நிற்பாள். அந்தக் குளிரில், துப்பினால் கீழே விழுமுன் உறைந்துவிடும் குளிரில், குதிரை எவ்வளவு நேரமோ அவளும் அவ்வளவு நேரம். ஒருநாள் அந்த வழியே வந்த சோய்ஜில் பார்த்துவிட்டார்.

"உன்னையும் சேத்துக் கட்டிடவா? கயிறு இருக்கு."

"கட்டுங்க மாமா. ஆனா உசரக் கட்டாதீங்க, எனக்குக் கழுத்து வலிக்கும்."

அவள் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லம்சுரேன் போன பிறகு அவள் சிரித்ததும் அன்றுதான்.

ஐந்தாம் ஒன்பதில் ஒரு பகல் திடீரென்று வெப்பம் அடித்தது. பனி இளகி, சாயங்காலம் அப்படியே இறுகிவிட்டது. விடிந்து பார்த்தால் சரிவு முழுக்கக் கண்ணாடி. குதிரை பனியைக் கிளறித் தின்னும், பனிக்கட்டியை என்ன செய்யும்? குளம்பால் அடித்து அடித்து, காலில் ரத்தம்தான் வந்தது. மலைக்குத் தெற்கே கல்சரிவில் காற்று பனியைத் தங்கவிடாது, அங்கே புல் தெரியும் என்று சோய்ஜில் தன் மந்தையை ஓட்டப் புறப்பட்டார். செவலையையும் அனுப்பு என்றார்.

யஞ்மா மாட்டேன் என்றாள். இப்போதுதான் தேறியிருக்கிறது, மலை தாண்டாது, கண்மறைவில் செத்துப்போகும் என்றாள். இருந்த புல் இரண்டு கட்டு. மூன்று நாள் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தாள். நாலாம் நாள் காலை செவலை தன் கட்டுக்கயிற்றை மென்றுகொண்டிருந்தது. கயிற்றில் முக்கால் பங்கைக் காணோம். அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் லம்சுரேனின் சேணத்தை எடுத்துவந்தாள்.

"நான் வச்சிருந்தா செத்துடும் அண்ணி. விட்டா ஒருவேளை பொழைக்கும்."

இரண்டு நாள் வழி. பாதி தூரம் ஏறிப் போனாள், பாதி தூரம் கையில் பிடித்து நடத்திப் போனாள். வழுக்குகிற இடங்களில் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டே போனாளாம். கல்சரிவில் மந்தை நின்றது. போனவுடன் அவள் அவிழ்த்துவிடவில்லை. பசித்த குதிரை, எதிரே புல் தெரிகிறது, சோய்ஜிலே போதும் விடு என்கிறார். அவள் அதன் தலையை உயரப் பிடித்துக்கொண்டு, சூடு ஆறும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஆறிய பிறகு கடிவாளத்தைக் கழற்றி, நெற்றியை முகர்ந்துவிட்டு அனுப்பினாள். சோய்ஜில் கொடுத்த ஒட்டகத்தில் ஏறி, சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிவந்தாள்.

அதன் பிறகு ஒன்பதுகள் நகரவே இல்லை. ஆடுகள் பாதி போயின, எங்களுடையதும்தான். அவள் தினமும் காலையில் வெறும் கட்டுக்கம்பத்தின் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். நான் திட்டினேன். திட்டியும் நின்றாள்.

பனி உருகியதும் சோய்ஜில் மந்தையைத் திருப்பி ஓட்டிவந்தார். அறுபது போனதில் இருபத்து மூன்று வந்திருந்தன. நானும் அவளும் குன்றின்மேல் ஏறிப் பார்த்தோம். எல்லாம் எலும்பும் மயிருமாக இருந்தன. பசியில் ஒன்றன் வாலை ஒன்று தின்றிருந்தன. கடைசிக்கு முந்தி, வால் மொட்டையாக, நெற்றியில் வெள்ளைக் கீற்றோடு செவலை வந்தது.

யஞ்மா கையை நீட்டிக்கொண்டு போனாள். அது காதைப் பின்னுக்கு மடித்து, மூக்கால் சீறி, எட்டி ஓடியது. இன்னொரு தடவை போனாள். மறுபடி ஓடியது. சோய்ஜில் சுருக்குக்கழியை எடுத்து, பிடித்துத் தரட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் மாமா. புல்லு தின்னட்டும். உடம்பு வரட்டும்."

"உன்னை அதுக்கு அடையாளமே தெரியலயே, பொண்ணே."

"மறந்தா மறக்கட்டும். உசுரோட இருந்துதான மறந்திருக்கு."

சொல்லிவிட்டு அவள் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். செவலை கொஞ்ச தூரத்தில் நின்று, அந்த வருஷத்து முதல் புல்லை நுனிநுனியாகக் கடித்தது. குளிர்காலம் முழுக்க நின்ற பொம்பிளை உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.