கியர்பாக்ஸ் மறைத்த மூடி

காரைத் திட்டக்கூடாது, செய்தவனைத் திட்டலாம் என்பது மெக்கானிக் தொழிலில் எழுதாத சட்டம். ஆகவே சீமையில் உட்கார்ந்து என்ஜினுக்குப் படம் போட்ட ஐயா, உம்மைத்தான் கேட்கிறேன். குளிரில் தண்ணீர் உறைந்தால் தாமே கழன்று விழுந்து என்ஜினைக் காப்பாற்றும் என்று பக்கத்தில் வட்டத் தகரமூடிகள் வைத்தீர், சரி. அதில் ஒன்றை மட்டும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஏன் ஒளித்தீர்? சிங்கப்பூரில் ஐஸைச் சீவிக் குவித்து விற்கும் ஐஸ் கச்சாங் தட்டைத் தவிர வேறெங்கே பனி? துருதான் தாராளம். காருக்கடியில் மல்லாந்து கிடக்கும் சகோதரர்களே, உங்களுக்காகவும்தான் கேட்கிறேன்.

குடிகார டாக்சி

ஜாலான் புசாரில் என் பட்டறை. காதர் பாய் வாடகைக்கு எடுத்து ஓட்டிய டாக்சி தண்ணீராகக் குடித்தது. ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைத்தேன், ரப்பர் குழாயை மாற்றினேன். என்ஜின் ஆறி நின்றால் சொட்டு இல்லை. சிராங்கூன் ரோட்டைச் சுற்றி வந்தால் பாதி காலி. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று டாக்சி முதலாளி சொல்லிவிட்டார். பாய்க்கு வேறு பிழைப்பு கிடையாது.

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். தண்ணீர் ஊற்றக்கூடத் தெரியாத ஆள் என்று கத்தினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "ஊத்துறது என் வேலை அண்ணே. அது எங்க போவுதுன்னு பார்க்கத்தானே உங்ககிட்ட வந்தேன்."

குழம்பு வாசம்

மறுநாள் பானட்டைத் திறந்தால் அடுப்படி வாசம். வீட்டிலிருந்து மஞ்சள்தூளை அள்ளி வந்து ரேடியேட்டரில் கொட்டியிருந்தார் மனுஷன். கையில் ஸ்பேனர் இருந்தது. அன்று அவர் தப்பியது அவர் அதிர்ஷ்டம்.

கழுவிவிடலாம் என்று அடியில் புகுந்தேன். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடுக்கிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு வழிந்திருந்தது. வெறும் தண்ணீர் ஓட்டத்தில் சிதறிக் காய்ந்துவிடும், மஞ்சள் விடுமா? உள்ளே இருக்கும் மூடிதான் ஒழுகுகிறது. எதற்கய்யா மஞ்சள் என்று கேட்டதற்கு பாய் சொன்னார்: "வெட்டுக்காயத்துல வச்சா ரத்தமே நிக்குது. தண்ணி நிக்காதா?"

சுங்கை ரோடு

கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றிப் பார்த்தால் மூடியில் துரு தின்ற ஓட்டை. அதே அளவு எந்தக் கடையிலும் இல்லை. சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தையில் சாக்கு விரித்திருந்த சீனத்து அம்மா ஒரு தகரமூடியை எடுத்துக் காட்டினார். அதைக் குப்பை என்றேன், விலையைக் கொள்ளை என்றேன், எல்லாம் சந்தை மலாயில், உச்சக் குரலில். அவர் என்னை முடிக்க விட்டு, பிஸ்கட் டின்னைக் கிளறிப் பித்தளை மூடி ஒன்றை எடுத்தார். துருவே பிடிக்காது. நான் கேட்ட விலைக்கே கொடுத்தார். கூடவே சொன்னது: "விலையைக் குறைச்சுட்டேன் லா. நீ சத்தத்தைக் குறை."

வெள்ளிக்கிழமை

குழியைச் சுரண்டித் துடைத்து, பசை தடவி, மூடி சாயாமல் மெல்லத் தட்டி இறக்கி, கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றினேன். பாய் தொழுகை முடிந்து வரும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியும் வந்தார். சூடேறும்வரை நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் குந்தி, அடியில் கைவிட்டுத் தடவினார். கை காய்ந்தே வந்தது. பாய் பக்கம் திரும்பினார். "ஏன் நிக்கிறீங்க பாய்? ரயில் வர்ற நேரம், ஸ்டேஷனுக்கு வண்டிய எடுங்க."

பிறகு என் பட்டறைக்கு வந்த டாக்சிகளில் பாதி காதர் பாய் சொல்லி வந்தவை. அவர் கொட்டிய மஞ்சளில்தான் என் அடுப்பும் எரிந்தது. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன், பாக்கி சீமையில் உட்கார்ந்திருக்கும் நீர் ஒருவர்தான் ஐயா: அடுத்த என்ஜினிலாவது அந்த மூடியைக் கை எட்டும் இடத்தில் வையும், இல்லையென்றால் கப்பலேறி வந்து என் பக்கத்தில் மல்லாந்து படும்.