ஞாயிற்றுக்கிழமை ஏலமும் ஒரு மொறிஸ் மைனரும்

தேத்தண்ணிக் கடைக்குள் ரீவி வைப்பது, சம்பளம் கேட்காத ஒரு ஆளை வேலைக்கு எடுப்பதுபோல: வாடிக்கையாளரை உள்ளே கூப்பிடுவதும் அதுதான், அவர்களை எழும்பவிடாமல் இருத்தி வைப்பதும் அதுதான். ஒரு தேத்தண்ணியை விற்றுவிட்டுப் பின்னேரம் முழுவதும் கதிரையையும் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பெர்தொனே என்கிற தெருவில் இரண்டாயிரத்து ஒன்பதில் கடை திறந்தேன். நாலு மேசை, பதினொரு கதிரை. பன்னிரண்டாவதின் கால் உடைந்தபிறகு வேறு வாங்கவில்லை. எனக்கு ஆட்களோடு கதைக்க அவ்வளவாக வராது. ஆனால் கேட்டது மறக்காது.

மீன்தொட்டி

ரீவி வாங்கியது செய்தி பார்க்கத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை நாள், யாரோ அலைவரிசையை மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். பழைய கார்களை ஏலம் விடுகிற நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. சத்தத்தை நான் எப்போதும் குறைத்துத்தான் வைப்பேன். வட்டமான மேடையில் ஒவ்வொரு காராக வந்து, வெளிச்சத்தில் மெதுவாக ஒருமுறை சுற்றி, இருட்டுக்குள் போனது. சிவப்பு, பால் வெள்ளை, கத்தரிப்பூ நிறம். கடைக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. தெரு முனைப் பாலத்தில் மெற்றோ போவது நிழலாகத்தான் தெரிந்தது. மீன்தொட்டிக்குள் நாங்கள் இருக்கிறோமா, கார்கள் இருக்கின்றனவா என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

நான் பற்றிஸ் பொரிக்கிற சத்தம் மட்டும்தான் கடைக்குள் கேட்டது. டாக்ஸி ஓட்டுகிற யோகராசா, லீவு நாளில் ஆர்ஜொந்தெய்யிலிருந்து ரயிலில் வருகிறவர், முன்னாலிருந்த தேத்தண்ணியில் ஆடை படிந்ததுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். செய்திக்கு மாற்றுவோம் என்று நான் கையைத் தூக்கினேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

“அண்ணை, மாத்தாதேங்கோ. கிழமை முழுக்க முன்னுக்குப் போற காரின்ரை பின்பக்கத்தைத்தான் பாக்கிறன். ஒரு காரின்ரை முகத்தைப் பாத்து எவ்வளவு நாள்!”

அடிப்பக்கம்

அதற்குப் பிறகு ஏலம் வருகிற ஞாயிறுகளில் கதிரை போதாது. விலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும், விலைபோனதற்கு அதிகம் தள்ளிச் சொன்னவர் மற்றவர்களுக்குத் தேத்தண்ணி வாங்க வேண்டும் என்று அவர்களே ஒரு சட்டம் போட்டார்கள். நடுவர் நான்தான். அதிகம் வாங்கிக் கொடுத்தவர் மனுவேல். மன்னாரில் கார் திருத்துகிற கராஜ் வைத்திருந்தவர், இங்கே கந்தோர்களில் துப்புரவு வேலை. எந்தக் காருக்கும் இரண்டாயிரத்துக்கு மேல் சொல்லமாட்டார். அவருடைய குற்றச்சாட்டு ஒன்றுதான்: கமெரா விளக்கைக் காட்டுகிறது, தோல் இருக்கையைக் காட்டுகிறது, துருப்பிடிக்கிற அடிப்பக்கத்தை மட்டும் காட்டுவதில்லை. “கறள் பிடிக்கிறது அடியிலை, இவங்கள் படம் பிடிக்கிறது முடியிலை” என்று திரையைப் பார்த்து ஏசுவார்.

ஒருநாள் ஏலக்காரர் ஒரு கறுப்புக் காரைக் காட்டி, இதில் ஒரு ஆணிகூட மாற்றப்படவில்லை, எல்லாம் பிறந்தபோது இருந்தவை என்றார். மண்டபத்தில் கை தட்டினார்கள். மனுவேல் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையில் சிந்தியது. ஊரில் யுத்தத்தால் பெற்றோல் தடையாக இருந்த காலத்தில் காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்தவர் அவர். சைக்கிள் ரியூப்பில் வாஷர் வெட்டியவர்.

“நீங்கள் திருத்தின காருக்கு எத்தினை தாய் தேப்பன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்று யோகராசா சீண்டினார்.

மனுவேல் சிந்தியதைத் துடைத்தபடி சொன்னார்: “ஒரு சாமானும் மாத்தேல்லை எண்டால், அது ஒருநாளும் ஒரு வேலையும் செய்யேல்லை எண்டு அர்த்தம் தம்பி.”

வெள்ளைத் துணி

இவர்கள் எல்லோரும் பார்க்கிறவர்கள். உண்மையாகப் பழைய கார் வைத்திருந்தவர் சிவநேசன் ஒருவர்தான். றெஸ்ரோறன்ற் சமையலில் இருந்து ஓய்வெடுத்தவர், கார்ஜ் லே கொனெஸில் குடியிருக்கிறார். இளம்பச்சை மொறிஸ் மைனர். ஒரு இங்கிலீசுக்காரரிடம் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. இடது விளக்குக்குப் பக்கத்தில் ஒரு நெளிவு, கோழிமுட்டை அளவு. முன்பெல்லாம் ஞாயிறுகளில் அதில்தான் வருவார். பிறகு கண் டொக்டர் கார் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதே வருடம் அவருடைய கட்டடத்துக்குக் கீழே கார் விடுகிற கராஜைத் திருத்த வேண்டும், எல்லோரும் காரை எடுங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். வேறு இடமில்லை. ரீவியில் காட்டுகிற ஏலத்துக்கே கொடுத்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு பார்த்து, கார்களை வாங்குகிற ஒருவரின் வீட்டைக் காட்டினார்கள். பெரிய மண்டபம். வரிசையாகக் கார்கள், எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் துணி. ஒன்றும் வெளியே போவதில்லையாம், காற்றில் ஈரம் கூடினால் மெஷின் கத்துமாம். “என்ரை வீட்டை விட அங்கை சுகம்” என்றார் யோகராசா. எல்லோரும் சிரித்தார்கள். சிவநேசன் பாதி கடித்த மீன் றோல்ஸைக் கோப்பையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். குரலை இறக்கித்தான் சொன்னார்.

“அண்ணை, காசு குறைஞ்சாலும் பறவாயில்லை. மழையிலை நனைய விடுறவன் ஆரும் வாங்கோணும்.”

எட்டாயிரத்து ஒன்று

இதற்குக் குறைந்தால் விற்கவேண்டாம் என்று ஒரு விலை சொல்லுங்கள் என ஏலக் கம்பனியில் கேட்டிருக்கிறார்கள். சிவநேசன் எட்டாயிரத்து ஒரு யூரோ என்றார். கலியாண வீட்டுக்குக் கொடுத்தாலும் கோயிலுக்குக் கொடுத்தாலும் நாங்கள் பூச்சியத்தில் முடிப்பதில்லையே, ஒன்று சேர்ப்போம். அங்கிருந்த பெண் இரண்டாம் முறையும் கேட்டு, சொன்னபடியே பதிந்தாராம்.

மொறிஸ் ஏலத்துக்கு வந்த அன்றைக்குக் கடைக்குள் நிற்க இடமில்லை. வெள்ளைக் கையுறை போட்ட நாலு பேர் மொறிஸைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மண்டபத்துக்குள் எஞ்சின் ஸ்ராட் பண்ணுவதில்லையாம். மினுக்கிய மினுக்கில் சிவநேசனுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. நெளிவைக் கண்டபிறகுதான் “ஓம், அதுதான்” என்றார். ஐயாயிரம், ஆறாயிரம், ஏழாயிரத்து ஐந்நூறு. எட்டாயிரம் வந்து, அதோடு நின்றது. ஏலக்காரரின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

அப்போது சிவநேசனின் கைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். ரீவி சில விநாடி பிந்தித்தான் வரும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் இங்கே கதைக்கத் தொடங்கியபிறகுதான், திரையில் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெண் தொலைபேசியைத் தூக்கினாள். எட்டாயிரத்துக்கு விடலாமா என்று கேட்கிறாள். யோகராசா ஒரு யூரோவை எடுத்து மேசையில் அடித்தார். “நான் தாறன் அண்ணை, விட்டுத் தள்ளுங்கோ!” சிவநேசன் கேட்டதாகவே காட்டவில்லை. போனில் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு “நோன் மதாம், மேர்சி” என்று பிரெஞ்சில் மறுத்து வைத்துவிட்டார். திரையில் அந்தப் பெண் இன்னும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைக்கப்போகிற பதில் எங்களுக்குத் தெரியும். கனவில்தான் அப்படி நடக்கும். பிறகு அவளும் தலையை இடம் வலமாக அசைத்தாள். கார் இருட்டுக்குள் போனது.

“ஒரு யூரோவுக்காகவோ?” என்று மனுவேல் கத்தினார்.

“இல்லையடாப்பா. வாங்கிற ஆள் ஆர், ஓடுவாரோ எண்டு கேட்டன். சொல்லேலாதாம். ஆரெண்டு தெரியாத வீட்டிலை ஆரும் சம்மந்தம் செய்வினமோ?”

அடுத்த ஞாயிறு

கராஜ் பூட்டுகிற நாள் நெருங்கியது. கார் எங்கே நிற்கும் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு மழை தூறிக்கொண்டிருந்தபோது தெருவில் மெல்லிய ஹோர்ன் சத்தம். இளம்பச்சை மொறிஸ் என் கடை வாசலில் நின்றது. ஸ்ரியறிங்கில் சிவநேசனின் மனைவி ராணி அக்கா. ஒரு பேக்கரிக்கு வான் ஓட்டிப் பாண் இறக்குகிறவர். இந்தக் காரை மட்டும் சிவநேசன் அவருக்கு ஒருநாளும் கொடுத்ததில்லையாம். “உமக்கு வலப்பக்க ஸ்ரியறிங் சரிவராது” என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறார்.

பேக்கரி முற்றத்தில் வான்களுக்குப் பக்கத்தில் விட இடம் கேட்டு வாங்கியிருந்தார் ராணி அக்கா. “கூரை இல்லையாம் அண்ணை” என்று சிவநேசன் முறைப்பட்டார். “நனையோணும் எண்டு ஊரெல்லாம் சொன்னது நீங்கள்தானே” என்றார் ராணி அக்கா, கண்ணாடியை இறக்கி. பின்னால் நின்ற லொறி ஹோர்ன் அடித்தது. றோல்ஸ் வாங்க இறங்கிய மனிசனை விட்டுவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவர் காரை எடுத்தார். எஞ்சின் இருமிப் பிடித்தது. நகைக்கடை வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அதன் ஈர முதுகில் ஏறி இறங்கின. தெரு முனையில் அது மெதுவாகத் திரும்பியது. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். சிவநேசன் றோல்ஸ் பையை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“இவ்வளவு காலமும் உள்ளுக்கை இருந்தனான் அண்ணை. ஓடேக்கை அது இவ்வளவு வடிவெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை.”

எத்தனையோ கார் இலட்சக்கணக்கில் விலைபோனதைப் பார்த்தும் கதிரையைவிட்டு அசையாத என் வாடிக்கையாளர்களை, விலைபோகாத ஒரு கார் வந்துதான் எழுப்பியது, அன்றைக்கும் ஒருவரும் இரண்டாவது தேத்தண்ணி கேட்கவில்லை.