நாக்கைக் கவ்வும் குழாய்

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். பிறந்த குழந்தையின் வாயிலும் மூக்கிலும் அடைத்திருக்கும் சளியை உறிஞ்சி எடுக்க, காலால் மிதிக்கும் கருவி செய்தோம். ஒரு பிரசவ ஆஸ்பத்திரி பன்னிரண்டு கேட்டிருந்தது. எந்த வேலை எந்த நாளில் முடிய வேண்டும் என்று அட்டையில் கட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதும், அதன்படி வேலை வாங்குவதும், கடைசியில் சோதனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். கொஞ்சம் பெரிதாகவே போடுவேன்.

காற்றை இழுக்கும் ரப்பர் துருத்திகள் மெட்ராஸிலிருந்து தாமதமாக வந்தன. என் அட்டையில் ஒரு தேதிகூடத் தவறியதில்லை என்ற திமிர் எனக்கு. சோதனைக்கு வைத்திருந்த இரண்டு நாளை அழித்து அரை நாளாக்கினேன். ஒவ்வொரு கருவியையும் உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் மாட்டி, முள் இறங்காமல் அரை மணி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்ததோ ஒரே கேஜ். கணக்கு உதைப்பது தெரிந்தேதான் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கே ஃபிட்டர் குரல் கொடுத்தார். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் கெட்டிக்காரர்.

"பன்னண்டும் பாஸும்மா. வந்து கையெழுத்தப் போடு."

பேனாவைத் திறந்துகொண்டு போனேன். முதல் கருவியின் குழாய் முனையில் வெற்றிலை எச்சில், சிவப்பாக, நுரையோடு. பாக்குத் துணுக்கு ஒன்று உள்ளே ஒட்டியிருந்தது.

"இன்னாண்ணே இது?"

"நாக்குல வச்சு மிதிச்சேன். நாக்கக் கவ்விக்கினா நல்லா கீதுன்னு அர்த்தம். லாரில டீசல வாயாலதான இழுக்கறோம்? உன் அட்ட அரை நாள்னு சொல்லுது. கேஜ மாட்டிக்கினு குந்தினா பொயுது போயிடும்."

பன்னிரண்டு குழாயும் அப்படித்தான் இருந்தன. எனக்குக் குமட்டியது. இந்த முனைதான் குழந்தையின் தொண்டைக்குள் போகும்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "வெந்நீ ஊத்திக் கழுவிட்டாப் போச்சு. ஆஸ்பத்திரில எப்படியும் வேக வைப்பாங்க."

"வைக்கலன்னா, சார்?"

"நீ இன்னா டாக்டரா? வண்டி நிக்குது. போடும்மா."

ரப்பர் வெட்டும் கத்தி மேஜைமேல் கிடந்தது. கழுவி அனுப்ப முடியாதபடி பன்னிரண்டு குழாயையும் துண்டு துண்டாக நறுக்கினேன். முதலாளி கீழே விழுந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஃபிட்டர் கத்தினார். "படிச்ச புள்ளைக்குக் கோவத்தப் பாரு! என் வாய் இன்னா சாக்கடையா?"

"ஆமா" என்றேன்.

முதலாளியின் மேஜையிலிருந்தே ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸுக்குப் போன் செய்து, சோதனைக்கு நேரம் வைக்காதது என் தப்பு, சரக்கு திங்கட்கிழமைதான் வரும் என்றேன். அதைச் சொல்லும்போது காது சுட்டது.

மதியத்திலிருந்து புதுக் குழாய் வெட்டிப் பொருத்தி, கேஜை நானே மாட்டினேன். மறுநாளும் தொடர்ந்தது. நாக்கைக் கவ்விய பன்னிரண்டு கருவிகளுள் இரண்டில், கால் மணிக்குள் முள் சரிந்து சைபருக்கு வந்தது. ஃபிட்டர் குனிந்து பார்த்தார். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அந்த இரண்டின் வால்வையும் கழற்றினார்.

சுவரில் அட்டை தொங்கியது. "சோதனை: அரை நாள்" என்று என் முத்து முத்தான எழுத்து. அந்த எச்சிலைவிட அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாகக் குமட்டியது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு அட்டை எடுத்தேன்.