கோழிப்பண்ணை விளக்கும் ஸ்டார் சென்சாரும்

1. முதல் மாலை

இருட்டத் தொடங்கியதும் கருவியை ஆன் செய்தோம். ரீடிங் தாறுமாறாக ஓடியது. எங்கள் குழுத் தலைவர் பணிக்கர் சார் நிமிர்ந்து பார்த்து, என்னிடம் "ஸ்டெல்லா, அங்கே என்ன வெளிச்சம்?" என்றார். பகலில் வெறும் ஓட்டுக்கொட்டகையாகத் தெரிந்த கட்டடம் இப்போது கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. அது கோழிப்பண்ணை.

எண்பதுகளின் நடுவில், செயற்கைக்கோள்களுக்குக் கருவி செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக டெக்னீஷியனாக இருந்தேன். எங்கள் வேலை ஸ்டார் சென்சார். அது செயற்கைக்கோளில் பொருத்தும் ஒரு கேமரா. எந்த நட்சத்திரம் எந்த இடத்தில், எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று அளந்து, செயற்கைக்கோள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும். மேலே போன பிறகு அதில் ஒரு திருகைக்கூடத் திருப்ப முடியாது. அதனால் அனுப்புவதற்கு முன் நிஜ நட்சத்திரங்களை வைத்துச் சோதிக்க வேண்டும். நகரத்து வானம் அதற்கு ஆகாது. நான் சேலத்துக்காரி என்பதால் இடம் தேடும் வேலை என்னிடம் வந்தது. நாமக்கல் போகும் வழியில், புதுச்சத்திரம் தாண்டி உள்ளே ஒரு மேட்டுக்காடு, மேடான மானாவாரி நிலம், கிடைத்தது. மாசி மாதம், மேகமில்லை, நிலாவும் இல்லை. ஒரு வாரம்தான் எங்களுக்கு அனுமதி.

கொட்டகைக்குப் போனேன். தீவனம் போட்டுக்கொண்டிருந்தவர் பெயர் நல்லம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவில் இருந்தார். பண்ணை முழுவதும் இவர் பொறுப்பு.

"அக்கா, ஒரு ரெண்டு மணி நேரம் லைட்டை அணைக்க முடியுமா?"

"அணைச்சுப்போட்டா முட்டை கொறைஞ்சு போகுமுங்க. கோழிக்குப் பொழுது நீளமா இருக்கோணும்."

எங்கள் வேலையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழைக்குக் கட்டற சாக்குப் படுதா இருக்குது. அதைச் சுத்தியும் இறக்கி உட்டா வெளிச்சம் வெளிய வராதில்லீங்க?" என்றார்.

மறுநாள் பகல் முழுவதும் கோணி ஊசி வைத்துச் சாக்குகளை இரண்டு மடிப்பாகத் தைத்தோம். பணிக்கர் சாரும் தைத்தார். அவர் தையலைப் பார்த்து நல்லம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்புறம் சார் போன பிறகு பிரித்து மறுபடி தைத்தார்.

2. காற்று நின்ற மாலை

இரண்டு நாள் நன்றாகப் போனது. பிரகாசமான நட்சத்திரங்கள் முடிந்தன. மூன்றாம் நாள் மங்கலான ஒன்று. அந்த அளவுக்கு மங்கலானதையும் கருவி கண்டுபிடித்தால்தான் அது மேலே போகும். இல்லாவிட்டால் எங்கள் மூன்று வருட உழைப்பு அலமாரிக்குப் போகும்.

அன்று காற்றே இல்லை. படுதாவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. கொட்டகையைச் சுற்றி வந்தபோது உள்ளே தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. விலக்கிப் பார்த்தேன். அனல் முகத்தில் அடித்தது. கோழிகள் வாயைத் திறந்து, இறக்கையை விரித்துத் திணறிக்கொண்டிருந்தன. நல்லம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி ஓடித் தண்ணீர் தெளித்தார். காலடியில் சில கோழிகள் செத்துக் கிடந்தன.

"ஏன்க்கா கூப்பிடலை?"

"உங்க வேலை கெட்டுப்போகுமில்ல கண்ணு. நாந்தானே இறக்கி உடலாம்னு சொன்னேன்."

நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு பக்கத்துக் கயிறுகளை எல்லாம் அவிழ்த்து, படுதாவைச் சுருட்டி மேலே ஏற்றினேன். வெளிச்சம் காடு முழுவதும் கொட்டியது. மேட்டிலிருந்து பணிக்கர் சார் கத்தும் சத்தம் கேட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். கை மட்டும் நிற்கவில்லை. அடுத்த பக்கத்தையும் ஏற்றினேன்.

சார் கோபமாகத்தான் வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் மொண்டார். கோழிகள் அடங்கும்வரை மூவரும் தெளித்துக்கொண்டே இருந்தோம்.

"அம்மா, மன்னிக்கணும். நாங்க நாளைக்குக் கிளம்பிடறோம்" என்றார் அவர்.

நல்லம்மாள் முகத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "இன்னொரு வழி இருக்குதுங்க சார். சாயங்காலம் லைட்டே போடாம, வெடியக் கருக்கல்ல நாலு மணிக்குப் போட்டா கோழிக்குக் கணக்குச் சரியாப் போயிரும். திடீர்னு மாத்துனா நாலு நாளைக்கு முட்டை கொறையும், அவ்வளவுதான். ஒத்தையா எந்திரிச்சு வரோணுமேன்னுதான் முன்னாடியே சொல்லலை."

"நான் உங்க வீட்டுல படுத்துக்கறேன்க்கா. ரெண்டு பேருமா எழுந்திரிச்சு வரலாம்" என்றேன்.

"வா சாமி. ஊடு பெருசு, ஆள்தான் இல்லை."

3. கருக்கல்

மீதி நாட்கள் அவர் வீட்டில் தங்கினேன். நாலு மணிக்கு அவர் தொட்டு எழுப்புவார். கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்போம். கல்யாணமாகி வந்த புதிதில் இருட்டுக்குப் பயந்து அழுததைச் சொன்னார். என் அம்மா இறந்ததை நான் சொன்னேன். அதுவரை ஆபீசில் யாரிடமும் அதைப் பேசியதில்லை.

மாலையில் காடு முழுக்க இருட்டு. அப்படி இரண்டாம் நாள் அந்த மங்கல் நட்சத்திரம் ரீடிங்கில் விழுந்தது. நல்லம்மாள் வந்து பார்த்தார்.

"இதுல படம் தெரியாதுங்களா?"

"நம்பர் மட்டும்தான்க்கா."

"இதுக்கா இத்தனை பாடு" என்று சொல்லிவிட்டு, போகாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரிடம் உதவி கேட்கப் போனால், நமக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதனால் அவருக்கு என்ன போகும் என்று கேளுங்கள். கேட்ட பிறகு அவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சில வருடங்கள் கழித்துச் செயற்கைக்கோள் மேலே போனது. சென்சார் தன் முதல் நட்சத்திரத்தைச் சரியாகப் பிடித்தது என்று தகவல் வந்த வாரம், லீவு போட்டுப் புதுச்சத்திரத்துக்கு பஸ் ஏறினேன்.

"அக்கா, அது சரியாப் பார்த்துருச்சு."

நல்லம்மாள் முட்டை அடுக்குவதை நிறுத்தவில்லை. "பாக்காம என்ன சாமி? நம்ம காட்டு இருட்டுல பழகுனதாச்சே" என்றார்.